எழுத்துக்கும் அதபு உண்டு

அண்மைக் காலமாக நாகர்கோவில், தக்கலை, குளச்சல் ஆகிய ஊர்களில் அச்சாகி நம் வீடுகளுக்கு வந்து சேரும் அழைப்பிதழ்களையும் அறிவிப்புத் தாள்களையும் கூர்ந்து நோக்குவோர் ஒரு மாற்றத்தைக் கண்டிருப்பர். எழுத்துகள் நிமிர்ந்து நிற்கவில்லை. ஒன்று இடப்பக்கம் சாய்கிறது. மற்றொன்று வரியை விட்டு மேலே துள்ளுகிறது. ஒன்றின் சுழி பருத்திருக்க, அடுத்ததன் கால் மெலிந்து வளைந்து கிடக்கிறது. பள்ளிச் சிறுவனொருவன் விளையாட்டாக எழுதிவிட்டு ஓடியதைப் போன்ற தோற்றம். கையெழுத்துப் பாணி எழுத்துரு என்று இதற்குப் பெயர். கணிப்பொறியில் இத்தகைய உருக்கள் மலிந்துவிட்டமையால், ஜவுளிக் கடையின் தள்ளுபடி அறிவிப்பு, மழலையர் பள்ளியின் ஆண்டுவிழா நோட்டீஸ், நிக்காஹ் அழைப்பிதழ், ஜனாஸா அறிவிப்பு ஆகிய நான்கும் இன்று ஒரே முகத்தோடு வெளிவருகின்றன.

செய்தி விளங்கினால் போதாதா, எழுத்தின் வளைவையும் நெளிவையும் ஆராய்வது வீண்வேலை அல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். துக்க வீட்டு வாசலை மிதிக்கும்போது நம் குரல் தானாகத் தணிகிறது. தணித்துப் பேசும்படி எவரும் நமக்குக் கட்டளையிடுவதில்லை. தாளில் அச்சான சொல்லுக்கும் ஒரு குரல் உண்டு. அந்தக் குரல் எழுத்தின் வடிவமே. பொருள் மனத்தில் ஏறுவதற்கு முன்பே வடிவம் கண்ணில் பட்டுவிடுகிறது.

சென்ற ஆண்டு நம் மாவட்டத்து ஊரொன்றில், அரை நூற்றாண்டுக் காலம் குழந்தைகளுக்கு ஓதிக்கொடுத்த பெரியவர் ஒருவர் மறைந்தார். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கண்டோம். இறப்புச் செய்தி கேட்டதும் நாம் மொழியும் திருவசனம், பலூனைப் போல ஊதிய தமிழ் எழுத்துகளில் மேலும் கீழுமாகக் குதித்துக்கொண்டிருந்தது. அதன் முன்னே நின்ற இரு சிறுவர்கள் சிரித்தனர். அவர்கள்மீது குற்றமில்லை, சிரிக்கச் சொல்லும் எழுத்தில் எழுதினால் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வர். அச்சகத்துத் தம்பி அவசரத்தில் கைக்கு முதலில் அகப்பட்ட உருவை எடுத்துப் போட்டிருப்பார். செய்தி கொடுக்கச் சென்ற வீட்டார் பெயரும் நல்லடக்க நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்திருப்பர். அந்த வேளையில் அதற்கு மேல் பார்க்க யாருக்கு மனம் வரும்?

அரபு எழுத்துக் கலையைச் சிறிதளவேனும் பயின்றோருக்கு இந்தக் குழப்பம் பெரும் வியப்பைத் தரும். மூன்று கலீபாக்களிடம் வஸீராகப் பணியாற்றி, கடைசியில் வலக்கை துண்டிக்கப்பட்டுச் சிறையில் 940ஆம் ஆண்டு இறந்த இப்னு முக்லா, எழுத்துக்கு அளவு வகுத்தவர். கலத்தின் முனையைத் தாளில் ஊன்றினால் விழும் சாய்சதுரப் புள்ளியே அவருடைய அளவுகோல். அலிஃப் இத்தனை புள்ளி உயரம், நூனின் கிண்ணம் இத்தனை புள்ளி அகலம் என்று கணக்கு. இந்தக் கணக்கின் மேல் எழுந்த எழுத்து வகைகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் அமைந்தது. திருமறையையும் கிதாபுகளையும் எழுத நஸ்கு; பள்ளிவாசல் சுவருக்கும் வாயில் முகப்புக்கும் துலுது; உதுமானிய அரசவையின் ஆணைகளுக்கு திவானி; பாரசீகக் கவிதைக்கு நஸ்தஅலீக். கடைக் கணக்குக்கும், நண்பருக்கு எழுதும் கடிதத்துக்கும், ஓரத்தில் கிறுக்கும் குறிப்புக்கும் ருக்ஆ.

ருக்ஆவைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். நம் பொருளின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

ருக்ஆ என்பது அவசரக்காரனின் எழுத்து. சீனுக்குரிய மூன்று பற்கள் தேய்ந்து ஒரே கோடாகிவிடும். இரண்டு புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு. மூன்று புள்ளிக்கு ஒரு சிறு கூரை. ஜீம், ஐன், மீம் முதலிய சிலவே வரிக்குக் கீழே இறங்கும். ஏனையவை வரியின் மேலேயே முடிந்துவிடும். சொற்கள் வலமிருந்து இடமாகச் சற்றே சரிந்து வந்து அமரும். எகிப்தில் ஓதித் திரும்பிய உஸ்தாத் ஒருவர் நம் மாணவப் பருவத்தில் கரும்பலகையில் இவ்வெழுத்தில்தான் குறிப்பெழுதுவார். நஸ்கில் பழகிய நம் கண்களுக்கு முதற் சில வாரங்கள் ஒன்றும் பிடிபடவில்லை. பின்னர் விளங்கிற்று: அங்கே ஒரு கோடும் காரணமின்றிக் குறையவில்லை. கலத்தைத் தூக்கி மீண்டும் வைக்கும் நேரத்தை மிச்சப்படுத்தவே இரு புள்ளிகள் கோடாயின. விரைந்தோடும் கைக்கு வசதியாகவே பற்கள் மழுங்கின. 19ஆம் நூற்றாண்டில் இஸ்தம்பூலின் அரசு எழுத்தரான மும்தாஸ் எஃபெந்தி இந்த அவசர எழுத்துக்கும் இலக்கணம் வகுத்தார். சாதாரண எழுத்து என்பதால் அதை ஒழுங்கற்ற எழுத்தென்று எவரும் கருதவில்லை. இன்றும் அரபு நாடுகளின் செய்தித்தாள் தலைப்புகளிலும் கடைப் பலகைகளிலும் ருக்ஆவைக் காணலாம். ஆனால் திருமறைப் பிரதியை ருக்ஆவில் எழுதும் வழக்கம் எக்காலத்தும் எழவில்லை. அதைத் தடுக்கச் சட்டம் ஏதும் தேவைப்படவில்லை. எழுதுவோர் அறிந்த அதபே போதுமானதாக இருந்தது.

ஆக, இயல்பான கையெழுத்தின் நெளிவு வேகத்தில் பிறப்பது. நம் கணிப்பொறி உருக்களில் பெரும்பாலானவற்றின் நெளிவோ வேகமே இல்லாத இடத்தில், திரையின் முன் அமர்ந்து ஆற அமர வளைத்த நெளிவு. முன்னது நடையில் வரும் அசைவு. பின்னது கண்ணாடி முன் நின்று பழகிய அசைவு. இவ்வகை உருக்களை மதிப்பிட நாம் கைக்கொள்ளும் அளவுகோல் இதுவே. அழகாயிருக்கிறதா, புதுமையாயிருக்கிறதா என்பவையெல்லாம் இதற்குப் பின்னர்தான்.

மேனாட்டில் இக்கலை கணிப்பொறிக்கு முன்பே தொடங்கிவிட்டது. பிரெஞ்சு நாட்டு ரோஜே எக்ஸ்கோஃபோன் தம் சொந்தக் கையெழுத்தையே ஆதாரமாகக் கொண்டு 1953இல் ‘மிஸ்த்ரால்’ என்னும் ஈய எழுத்தை அமைத்தார். தனித்தனி ஈயக் கட்டைகள் அடுத்தடுத்து நின்றபோதும், எழுத்துக்கு எழுத்து மை தொடர்ந்து ஓடுவதைப் போலவே தோன்றும். பாராட்ட வேண்டிய வேலை அது.

பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய ‘காமிக் சான்ஸ்’ பிறந்த கதை வேறு. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய வின்சென்ட் கானேர், 1994இல் ஒரு மென்பொருளில் சித்திர நாய் ஒன்று பேசுவதைக் கண்டார். நாயின் பேச்சு, செய்தித்தாளுக்குரிய கண்டிப்பான ‘டைம்ஸ் நியூ ரோமன்’ எழுத்தில் இருந்தது. நாய்க்கு இந்த எழுத்து பொருந்தாது என்று அவருக்குத் தோன்றியது. சித்திரக் கதைப் புத்தகங்களில் பேச்சுக் குமிழிக்குள் கையால் எழுதும் எழுத்தை முன்மாதிரியாகக் கொண்டு புதிய உருவொன்றை வரைந்தார். இதன் தொடக்கமே இடமறியும் அறிவுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். கண்டிப்பான எழுத்தைத் தவறான இடத்தில் கண்டு, அதற்கு மாற்றாக அவர் ஒன்று செய்தார். பின்னர் அந்த மாற்றே தவறான இடங்களிலெல்லாம் ஏறி உட்கார்ந்தது. 2012 ஜூலை 4ஆம் நாள் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில், ஹிக்ஸ் துகளைப் பற்றிய அறிவிப்பை ஃபேபியோலா ஜியானோட்டி இந்த எழுத்தில் அமைந்த திரைப் பக்கங்களோடு வெளியிட்டபோது, கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசியோருக்கு ஈடாக எழுத்தைப் பற்றிக் கேலி பேசியோரும் இருந்தனர்.

கேலி பேசுவது எளிது. அவ்வெழுத்துக்கு ஒரு நியாயமும் உண்டு. எழுத்துகளைப் பிரித்தறிந்து வாசிக்க இடர்ப்படும் குழந்தைகளுக்கு, நெருக்கமின்றித் தோன்றும் எழுத்துகளுள் ஒன்றாகக் காமிக் சான்ஸையும் பிரிட்டனின் டிஸ்லெக்சியா சங்கம் தன் வழிகாட்டுதலில் குறிப்பிட்டிருக்கிறது. குழந்தைக்கு அச்சம் தராத எழுத்து ஒன்று வேண்டியிருக்கிறது. அதைப் பண்டிதர்கள் பழித்தாலும் நாம் பழிக்க மாட்டோம். முதல் வகுப்புப் பாடப் பக்கத்தில் துள்ளி விளையாடும் எழுத்தைக் கண்டால் மகிழ்ச்சியே. அதே எழுத்து ஜனாஸா அறிவிப்புக்கு வந்து நிற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். ஈய எழுத்துக் காலத்தில் பத்திரிகைகள் கதைத் தலைப்புகளை ஓவியரிடம் கொடுத்து எழுதி வாங்கி, பிளாக் செய்து அச்சிட்டன. பேய்க் கதையின் தலைப்பு நடுங்கும். நகைச்சுவைக் கதையின் தலைப்பு கோணும். ஒவ்வொரு தலைப்பும் அக்கதைக்கென்றே எழுதப்பட்டது. அடுத்த இதழில் அதே எழுத்து வராது. ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008) சிற்றிதழ்களுக்கும் நூல்முகப்புகளுக்கும் வரைந்த தமிழ் எழுத்துகளைக் கண்டோர், தூரிகையின் ஓட்டத்தில் தமிழ் எழுத்து எவ்வளவு விடுதலை பெற முடியும் என்பதை அறிவர். விடுதலையாயினும் அது கட்டறுந்ததன்று. எவ்வளவு வேகமாக ஓடினும் ‘ழ’ ‘ழ’வாகவே நிற்கும்.

1990களில் டி.டி.பி. கடைகள் பெருகியபோது ஓவியருக்கு வேலை குறைந்தது. பட்டியலிலிருந்து ஓர் எழுத்துருவைப் பொறுக்கி எடுத்தால் தலைப்பு முடிந்தது. இவ்வாறு வந்த கையெழுத்துப் பாணி உருக்களைச் சோதிக்க வாசக அன்பர்களுக்கு ஓர் எளிய வழி கூறுவோம். ‘பாப்பா’ என்ற சொல்லைப் பாருங்கள். நாம் கையால் எழுதினால் முதற் ‘பா’வும் இரண்டாம் ‘பா’வும் ஒருபோதும் ஒன்றாக அமையா. முதலாவது தொடங்கும் கையின் எழுத்து. இரண்டாவது முடிக்கும் கையின் எழுத்து. அதன் கால் சற்று நீண்டேனும் போகும். கணிப்பொறி உருவிலோ இரண்டும் அச்சில் வார்த்த இரட்டைப் பிள்ளைகள். ஒரே கோணல் ஒரே இடத்தில் இருமுறை வந்தால், கை எழுதியது என்ற பாவனை அந்தக் கணமே கலைந்துவிடுகிறது. ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்களை வைத்து, சூழலுக்கேற்ப மாறி மாறி வரச் செய்யும் நுட்பம் இன்றைய எழுத்துருக்களில் உண்டு. தமிழில் அதற்கு மெனக்கெடுவோர் சிலரே. ஹாலந்து நாட்டுத் தாமஸ் மைலோவும் அவர் குழுவினரும் 1980களிலேயே ருக்ஆவைக் கணிப்பொறியில் ஏற்ற முனைந்தபோது, தனி எழுத்துகளை வரைந்து அடுக்குவதோடு நிற்காமல், எந்த எழுத்து எதனோடு எவ்வாறு இணையும் என்னும் காத்திபின் விதிகளையே கணிப்பொறிக்குக் கற்பித்தனர். அந்நியர் நம் கலையைக் கற்ற அளவுக்கு நாம் நம் கையைக் கற்கவில்லை என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் விட இயலவில்லை.

இன்னொரு குறையும் கண்ணில் படுகிறது. நம் உருக்கள் கையெழுத்திலிருந்து பிறப்பதை விட, அச்செழுத்தைக் கோணலாக்குவதிலிருந்தே பெரிதும் பிறக்கின்றன. 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. ‘லை’, ‘னை’ முதலியவற்றின் துதிக்கை அச்சிலிருந்து நீங்கிற்று. ஆயினும் அதற்கு முன் எழுதப் பழகியோரின் கைகளில் அத்துதிக்கை நெடுங்காலம் வாழ்ந்தது. பெரியவர்களின் கடிதங்களில் இன்றும் அதைக் காணலாம். முதியவரின் கையெழுத்து என்று தோன்ற வேண்டுமென விரும்பும் எழுத்துரு ஒன்றில் அத்துதிக்கை இல்லாவிடில் அது யாருடைய கை? பேனா ஓட்டத்தில் புள்ளி சிறு வட்டமாவதும், ‘து’வின் கீழ்வளைவு அடுத்த எழுத்தைத் தொடுவதும் இவ்வுருக்களில் எங்கே?

நன்கு செய்தோரைச் சொல்லாமல் விடலாகாது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் அமைத்த ‘கவிவாணர்’ என்னும் சாய்வெழுத்து, கூகுளின் இலவச எழுத்துருத் தொகுப்பில் எவருக்கும் கிடைக்கிறது. அதில் குதிப்பு இல்லை, சாய்வு உண்டு. தாளில் நிதானமாக எழுதும் ஒருவரின் கை ஒரே திசையில் சாய்வது போன்ற சாய்வு. வாழ்த்து மடலுக்கும் கவிதை நூலின் முகப்புக்கும் அது பொருந்துவதைக் காண்கிறோம். எல்லை தாண்டி மலையாளத்தில் சந்தோஷ் தோட்டிங்ஙல் 2014இல் வெளியிட்ட ‘சிலங்கா’ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அன்றாடம் மலையாளிகள் எழுதும் கையெழுத்தைப் பின்பற்றியதோடு, கூட்டெழுத்துகளையும் அது பரந்த அளவில் உள்ளடக்கிக்கொண்டது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த நம் மாவட்டத்தில் இரு மொழியும் எழுதத் தெரிந்த பெரியவர்கள் பலர் உண்டு. இரு எழுத்துருக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நாம் சொல்வதை அவர்கள் எளிதில் உணர்வர்.

கையெழுத்தை அச்சில் காண்பது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. ஜெர்மானியரான ஸெனஃபெல்டர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டறிந்த கல்லச்சு, ஈய எழுத்துக்கு எளிதில் வசப்படாத அரபு, பாரசீக, உருது எழுத்துகளுக்கு வாய்த்த வரமாயிற்று. காத்திபு எழுதியதை எழுதியவாறே கல் பெருக்கித் தந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோரின் அரபுத் தமிழ் நூல்கள் இவ்வழியில்தான் ஊர்தோறும் பரவின. சென்னைத் திருவல்லிக்கேணியில் சையிது அஸ்மத்துல்லாஹ் 1927இல் நிறுவ, டாக்டர் எம். ஏ. அன்சாரி தொடங்கிவைத்த ‘முஸல்மான்’ என்னும் உருது நாளேடு, இந்த நூற்றாண்டிலும் நான்கு பக்கங்களையும் காத்திபுகளின் கையால் எழுதியே வெளிவந்தது. காத்திபுகளில் பெண்களும் இருந்தனர். கடைசி நேரச் செய்திக்கென முதற்பக்கத்தில் ஒரு மூலையை வெற்றிடமாக விட்டுவைப்பது அவர்கள் வழக்கம். லாகூரில் ‘ஜங்’ நாளேடு 1981இல் மிர்ஸா அஹ்மது ஜமீல் அமைத்த ‘நூரி நஸ்தஅலீக்’ எழுத்துக்கு மாறிய பிறகும் திருவல்லிக்கேணியில் கலம் ஓயவில்லை. மிர்ஸா ஜமீலின் எழுத்துருவும் மேலோட்டமான வேலையன்று; ஏறத்தாழ 20,000 சொற்கூட்டுகளைத் தனித்தனியே எழுதிச் சேர்த்தது அது. ஒரு கையை இயந்திரத்துக்குள் கொண்டுசெல்ல எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதற்கு அந்த எண்ணே சான்று.

இக்கையெழுத்துகளெல்லாம் காத்திபுகளின் பயின்ற கையெழுத்துகள். எழுத்துக் கலையில் ஒரு மாணவர் தம் பெயரின் முன் ‘கதபஹு’ என்று ஒப்பமிட ஆசிரியரிடம் இஜாஸா பெற்றாக வேண்டும். நம் வீடுகளில் வேறொரு கையெழுத்தும் இருந்தது. ஓதப் பள்ளியில் அரபு எழுத்தை மட்டும் கற்ற பெண்கள், அந்த எழுத்திலேயே தமிழை எழுதினர். அரபியில் இல்லாத ட, ண, ள, ழ முதலிய ஒலிகளுக்குரிய புள்ளி வேறுபாடுகளையும் அவர்கள் அறிந்திருந்தனர். கொழும்புக்கும் மலேயாவுக்கும் பிழைக்கச் சென்ற கணவன்மாருக்கு அவ்வெழுத்தில் கடிதங்கள் போயின. யாரிடமும் படித்துக் காட்டச் சொல்ல வேண்டாத கடிதங்கள் அவை. பட்டம் பெற்ற மகனுக்குத் தாயின் கடிதத்தைப் படிக்கத் தெரியாத நிலை பிற்காலத்தில் வந்தது வேறு கதை. அப்பெண்கள் எவரிடமும் இஜாஸா பெற்றவர்களல்லர். அடுப்பங்கரை வேலைக்கு நடுவே, விளக்கொளியில், தபால் நேரத்துக்குள் முடிக்க எழுதிய எழுத்து. இரு புள்ளி கோடாகத் தேயும். ஒரு சொல்லின் வால் அடுத்த வரியைத் தொடும். ருக்ஆவின் பெயரைக் கூடக் கேட்டிராத அவர்கள் கைகள், இஸ்தம்பூல் எழுத்தர்கள் கண்ட சுருக்கத்தையே வேகத்தின் பொருட்டுத் தாமாகக் கண்டடைந்தன.

கையெழுத்துப் பாணி எழுத்துரு ஒன்று நம்மிடமிருந்து பிறக்க வேண்டுமாயின் மூலப்படி இங்கே இருக்கிறது. தேங்காய்ப்பட்டணத்திலும் திருவிதாங்கோட்டிலும் கோட்டாற்றிலும் பழைய வீடுகளின் மரப்பெட்டிகளில் இவ்வகைக் கடிதங்கள் எஞ்சியிருக்கக்கூடும். ஓரங்களைச் செல்லரித்த தாள்களாயினும் அப்புறப்படுத்துமுன் ஒருமுறை விரித்துப் பார்க்குமாறு வாசக அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு கடிதத்தில் அலிஃப் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது, சொல்லின் தொடக்கத்தில் வரும் மீமும் இறுதியில் வரும் மீமும் எவ்வாறு வேறுபடுகின்றன என்று எண்ணிக் குறித்து, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்தால் போதும். எழுத்துரு வரைவோருக்கு வேண்டிய முதல் சரக்கு அதுவே. அச்சகத்தாருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஜனாஸா அறிவிப்புக்கென நிமிர்ந்து நிற்கும் எழுத்துரு ஒன்றை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். வீட்டார் கேட்க மாட்டார்கள்; கேட்காமலேயே அதில் அச்சிட்டுக் கொடுங்கள்.